பதினைந்து சென்டிமீட்டர்

திரையில் எல்லாம் வெறும் நிறங்கள்.
சிவப்பு என்றால் இன்னும் எடு.
பச்சை என்றால் நிறுத்து.
ஊதா என்றால்
ஏன் நிறுத்தவில்லை என்று யாரோ கேட்பார்கள்.

பதினோரு மீட்டர் நீருக்கு அடியில்
காகித ஆலையின் முப்பத்தோரு வருடம் கிடக்கிறது,
மரநாரும் பாதரசமும் ஊறிய கறுப்புக் கூழாக.
இங்கே அறுபது சென்டிமீட்டர், அந்த மூலையில் நாற்பது,
பழைய படகுத்துறைப் பக்கம் யாருக்கும் சரியாகத் தெரியாது.
குழாய் இறக்கிப் பார்த்தவர்கள்
நூறு இடத்தில் பார்த்தார்கள்,
இடைப்பட்டதை ஊகித்து ஒரு கோடு போட்டார்கள்.
லோங்விக் வளைகுடாவில் நான் தோண்டுவது
அந்தக் கோட்டைத்தான்.

கோட்டுக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் மன்னிப்பு.
ஒப்பந்தத்தில் அதை வேறு சொல்லில் எழுதியிருக்கிறார்கள்.
அதையும் தாண்டினால்
அள்ளியதற்குக் கூலி இல்லை,
கொட்டுவதற்குச் செலவு மட்டும் உண்டு.
ஆழ உழுதவள் அபராதம் கட்டும் வயல் இது.

என் வாளிக்குப் பல் கிடையாது.
தட்டையாக வாய் மூடும்,
பாலாடையை மட்டும் வழித்தெடுப்பது போல.
அவசரப்பட்டால் சேறு கிளம்பும்;
மஞ்சள் தடுப்புத்திரைக்கு வெளியே
பெர்டிலின் கலங்கல்மானி கத்தும்,
பிறகு பெர்டில் கத்துவான்.

வியாழக்கிழமை வானம் தெளிந்தது.
ஒரு வாரத்துக்குப் பிறகு வெயில். எல்லோரும் மகிழ்ந்தோம்.
இந்தக் கடலுக்கு ஓதம் என்பது பெயருக்குத்தான்,
காற்றின் கனம்தான் இதை அழுத்தும், விடும்.
வானம் தெளிந்தால் காற்று கனக்கும்.
இரவோடு இரவாகக் கடல் இருபது சென்டிமீட்டர் தாழ்ந்தது.
நீர்மட்டக் கருவியின் மிதவை மட்டும்
பாசியில் சிக்கி
புதன்கிழமையிலேயே நின்றுவிட்டது.

நான் புதன்கிழமைக் கடலிலிருந்து அளந்து
வியாழக்கிழமைத் தரையைத் தோண்டினேன்.
திரை முழுக்கப் பச்சை.

பதினெட்டாவது வாளி வாய் திறந்தபோதுதான்
பார்த்தேன்:
மேலே கறுப்பு, அடியில் சாம்பல் நீலம்,
நடுவே கத்தி வைத்தது போல ஒரு கோடு.

ஐனோ தோணியின் விளிம்பில் மண்டியிட்டு
ஒரு கட்டியைப் பிட்டுப் பார்த்தாள்.
பனியாறு உருகிய காலத்துக் களிமண்.
வெளிர் வரி ஒரு கோடை, கரு வரி ஒரு குளிர்காலம்.
கையுறை விரலால் எண்ணத் தொடங்கி
முப்பத்தேழில் விட்டுவிட்டாள்.
"திரும்பப் போட்டுவிடலாமே, ரூனா" என்றாள்,
விதி தெரிந்தவள்தான்.

வாளிக்குள் வந்தது எல்லாம் கழிவு.
கூடாநட்பில் பிடிபட்டவனைப் போல
அதுவும் லாரி ஏறும்,
சிமெண்ட் கலந்து இறுகும்,
பூட்டிய குழிக்குப் போகும்:
ஒன்பதாயிரம் வருடம்
யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத மண்,
இருபத்தேழு கனமீட்டர்.

ஹோல்கர் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, காலையில் பயணக் கப்பல் போனதே, என்றார்.
போனது, ஏழு பத்துக்கு.
அலையடித்தால் ஒப்பந்தம் மன்னிக்கும்.
பாசி பிடித்த மிதவையை மன்னிக்காது.
புதன் மாலை அதைத் துடைத்துப் பார்க்க வேண்டியவள்
நான்.

மிதவை என்று எழுதினேன்.
எழுத்து கோணலாக வந்தது, கை குளிர்ந்திருந்தது.

மதியத்துக்கு மேல் எல்லா வாளியையும்
கொஞ்சம் முன்பே நிறுத்தினேன்.
பயத்துக்கு ஒரு தடிமன் உண்டு;
பெர்டில் மாதிரி எடுத்து அளந்தான்,
நான்கு சென்டிமீட்டர் கறுப்பு.
மீன் மேய்வது அந்த நான்கில்தான்.
மறுபடி போனேன், அதே கட்டத்துக்கு,
மெதுவாக, மூச்சை வைத்து இறக்குவது போல,
ஒவ்வொரு முறையும் ஐனோ மிதவையைப் பார்த்துக்
கை காட்டிய பிறகு.

இருட்டியதும் கையுறையைக் கழற்றினேன்.
மணிக்கட்டில் சுண்டுவிரல் அகலம் நீலம்
காய்ந்து வெடித்திருந்தது.
அதையும் கழுவிக்
கழிவுநீர்த் தொட்டியில்தான் விட வேண்டும்.
விட்டேன்.